நடுவும் நொதுமலும்: எருசலேம் நகரின் பன்னாட்டு ஆட்சித் திட்டம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஒரு நகரத்தை இரு மக்கள் உரிமை கொண்டாடுகின்றனர். மூன்று சமயங்கள் அதனைத் தம் புனித நகர் என்கின்றன. இருவருள் எவர்க்கும் கொடாமல் உலக நாடுகள் யாவும் கூடி அதனை ஆளலாமே என்னும் எண்ணம் எளிதில் தோன்றக்கூடியது. கேட்ட அளவில் அதுவே நீதி என்றும் படும். அவ்வெண்ணம் 1947ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் 181ஆம் தீர்மானத்தில் இடம்பெற்றது. பாலஸ்தீனத்தை அரபு நாடு, யூத நாடு என இரண்டாகப் பிரிப்பதும், எருசலேமை அவ்விரண்டிலும் சேராத தனிப் பகுதியாக்குவதும் அத்தீர்மானத்தின் உள்ளடக்கம். 33 நாடுகள் ஆதரித்தன; இந்தியா உள்ளிட்ட 13 நாடுகள் எதிர்த்தன; 10 நாடுகள் வாக்களிக்கவில்லை.

வாக்களியாது ஒதுங்குவதை நம் நாளேடுகள் 'நடுநிலை வகித்தன' என்று எழுதுவது வழக்கம். ஒதுங்கி நிற்றலும் நடுவில் நிற்றலும் ஒன்றுதானா? இவ்வினா சொல்லாராய்ச்சியோடு முடிவதன்று. ஒரு நகரத்தின் தலைவிதியே இவ்விரண்டின் வேறுபாட்டில் அடங்கியிருந்தது என்பதை எடுத்துக்காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

இரு சொற்கள்

பகை, நட்பு, நொதுமல் என மாந்தரின் உறவுநிலையை மூன்றாகப் பகுத்துக் காண்பது நம் உரைமரபு. நொதுமலர் ஆவார் உறவும் பகையும் இல்லாத அயலார். தலைவியை மணம்பேச வரும் அயலாரை அகத்துறைகள் இச்சொல்லால் சுட்டுவதைக் கவிஞர்கள் அறிவர். நடுவுநிலைமை இதனின் வேறானது. திருக்குறளின் 12ஆம் அதிகாரம் அதற்குத் துலாக்கோலை உவமையாக்குகிறது. துலாக்கோல் இரு தட்டுகளோடும் பிணைக்கப்பட்டது. இரு பக்கத்துப் பாரமும் அதன்மேல் இறங்குகிறது. இரண்டையும் தாங்கிக்கொண்டுதான் அது நேர்நிற்கிறது. நொதுமலர்மேல் எவருடைய பாரமும் இறங்குவதில்லை. அயலார் என்பதாலேயே ஒருவர் நடுவர் ஆகிவிட மாட்டார்.

தனியுடல்

தீர்மானம் எருசலேமுக்கு இட்ட பெயர் 'கார்ப்பஸ் செபராட்டம்' என்னும் இலத்தீன் தொடர். 'பிரித்து நிறுத்தப்பட்ட உடல்' என்பது அதன் பொருள். 'தனியுடல்' எனத் தமிழாக்கலாம். கிழக்கே அபு தீஸ், தெற்கே பெத்லகேம், மேற்கே ஐன் காரிம், வடக்கே ஷுஃபாத் என அவ்வுடலுக்கு எல்லை வகுக்கப்பட்டது. அவ்வெல்லைக்குள் யூதர் ஏறத்தாழ 1,00,000 பேர். அரபியரும் பிறரும் ஏறத்தாழ 1,05,000 பேர். துலாக்கோலின் இரு தட்டுகளும் ஏறக்குறைய ஒத்த எடையுடன் இருந்தன என்பது நினையத்தக்கது.

நகரை ஐ.நா.வின் சார்பில் பொறுப்பாண்மைக் குழு ஆளும். அக்குழு ஓர் ஆளுநரை அமர்த்தும். அவர் எந்நாட்டவர் என்று பாராமல் தகுதி நோக்கித் தேர்ந்தெடுக்கப்படுவார். ஆயின், பாலஸ்தீனத்தில் அமையும் இரு நாடுகளுள் எதன் குடிமகனாகவும் இருத்தலாகாது. புனித இடங்களைக் காக்கும் சிறப்புக் காவற்படையினர் பாலஸ்தீனத்துக்கு வெளியிலிருந்தே சேர்க்கப்படுவர். நகரில் படை இராது. அரபும் எபிரேயமும் ஆட்சிமொழிகள். வயதுவந்த குடிகள் அனைவரும் மறைவாக்கால் சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுப்பர். பத்து ஆண்டுகள் கழிந்தபின் திட்டம் மறு ஆய்வுக்கு வரும். மாற்றங்கள் வேண்டுமா என்பதைப் பற்றி நகரமக்கள் பொதுவாக்கெடுப்பில் தம் விருப்பத்தைத் தெரிவிக்கலாம்.

இது குறைத்து மதிக்கத்தக்க வரைவன்று. இரு மொழிகளுக்கும் ஒத்த தகுதியும் எல்லார்க்கும் வாக்குரிமையும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டன. எனினும் அதன் வரிசைமுறை ஊன்றி நோக்கற்குரியது. முதலில் புனித இடங்கள். பின்னர் அவற்றைக் காணவரும் யாத்திரிகர். அதன்பின் காக்கவரும் அயலார். 'இவ்வாட்சி உங்களுக்கு உடன்பாடா' என்னும் கேள்வி நகரத்தாரை நோக்கி எழுவதோ பத்து ஆண்டுகளுக்குப் பிறகு. அந்தப் பத்து ஆண்டுகளில் ஒரு நாளேனும் நகருக்குக் கிட்டவில்லை.

இதற்கு மாற்றாக மற்றொரு வரைவும் இருந்தது. பாலஸ்தீனம் பற்றி ஆராய ஐ.நா. அமைத்த சிறப்புக் குழுவில் 11 நாடுகள் உறுப்பு வகித்தன. இந்தியாவின் சார்பில் அமர்ந்தவர் சர் அப்துர் ரஹ்மான். ஏழு நாடுகள் பிரிவினையைப் பரிந்துரைத்தன. இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா ஆகிய மூன்றும் சிறுபான்மை அறிக்கையில் ஒரு கூட்டாட்சி நாட்டையும், அதற்குத் தலைநகராக எருசலேமையும் பரிந்துரைத்தன. நகருக்குள் அரபு நகராட்சி ஒன்று, யூத நகராட்சி ஒன்று. பொதுப்பணிகளை இரண்டும் சேர்ந்து நடத்தும். புனித இடங்களை மட்டும் பன்னாட்டு அமைப்பு ஒன்று மேற்பார்க்கும். நகர் அதில் வாழ்பவர் கையிலேயே இருக்க, அயலார் துணைநிற்பர் என்பது இதன் சாரம். இத்திட்டமும் இரு தரப்பின் ஏற்பையும் பெறவில்லை. இருப்பினும், நடுவை நகருக்கு உள்ளேயே தேட முயன்ற வரைவு என்னும் சிறப்பு அதற்கு உண்டு.

வர இயலாத ஆளுநர்

யூத முகமை 181ஆம் தீர்மானத்தை ஏற்றது. எருசலேமைப் பிரிந்திருக்க நேர்வதையும் மனமின்றி ஒப்புக்கொண்டது. அரபு உயர்குழு பிரிவினையை முற்றாக மறுத்தது. தீர்மானம் நிறைவேறிய மறுநாளே மோதல் தொடங்கிற்று. நகரின் ஆட்சிச் சட்டம் 1948 மார்ச்சில் ஏறத்தாழ முழுவடிவம் பெற்றும் முறையான ஒப்புதல் பின்னுக்குத் தள்ளப்பட்டது. மே மாத நடுவில் பிரிட்டனின் ஆணையாட்சி முடிவுற்றபோது நகரை ஒப்புக்கொள்ள அங்கே எவரும் இல்லை.

அதற்குச் சில நாள் முன்னர், மே 6ஆம் நாள், சிறப்பு நகராட்சி ஆணையர் ஒருவரை அமர்த்துமாறு பொதுச்சபை பரிந்துரைத்தது. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஹெரால்டு எவன்ஸ் தெரிந்தெடுக்கப்பட்டார். போரை எவ்வகையிலும் ஏற்காத குவேக்கர் சமயக் குழுவினர் அவர். போர் மூண்டெரியும் நகரில் அவர் பொறுப்பேற்க இயலாமலே போயிற்று. பன்னாட்டு ஆட்சிக்கென அனுப்பப்பட்டவர் நல்லவர், பற்றற்றவர், எவர்க்கும் பகையல்லர். ஆனால் நகருக்குள் அவருக்காகக் கதவைத் திறக்க ஒருவரும் இலர்.

அடுத்து வந்தவர் ஐ.நா.வின் நடுவர், ஸ்வீடன் நாட்டுக் கோமகன் ஃபோல்கே பெர்னடாட். 1948 ஜூனில் அவர் முன்வைத்த முதல் திட்டம் எருசலேமை அரபுப் பகுதியில் சேர்த்தது. செப்டம்பரில் அதனைக் கைவிட்டு, நகர் ஐ.நா.வின் கட்டுப்பாட்டில் அமையவேண்டும் என எழுதினார். அவ்வறிக்கைக்கு மறுநாள், செப்டம்பர் 17ஆம் நாள், எருசலேம் தெருவில் லேஹி என்னும் யூதத் தலைமறைவு இயக்கத்தார் அவரைச் சுட்டுக் கொன்றனர். அவரருகே அமர்ந்திருந்த பிரெஞ்சுத் தளபதி ஆந்த்ரே செரோவும் மாண்டார். அயலார் என்பதால் பாரம் சுமவாது இருந்துவிடலாம் என எண்ணாமல், பிறர் பூசலில் தம் உயிரைக் கொடுத்தவர் பெர்னடாட். அவ்வகையில் நொதுமலராக வந்து நடுவராக மறைந்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

கோட்டின் அகலம்

அனைத்துலகும் ஆளவேண்டிய நகரை இறுதியில் இரண்டு பென்சில்கள் பங்கிட்டன. 1948 நவம்பர் 30ஆம் நாள், முஸ்ராரா பகுதியில் குடியிருந்தவர் விட்டுச்சென்ற வீடொன்றில் இஸ்ரேல் தளபதி மோஷே தயானும் யோர்தான் தளபதி அப்துல்லா அல்-தல்லும் சந்தித்தனர். 1:20,000 அளவுள்ள வரைபடம் விரிக்கப்பட்டது. தயான் தம் படைநிலையைப் பச்சைப் பென்சிலாலும், அல்-தல் தம் படைநிலையைச் சிவப்புப் பென்சிலாலும் வரைந்தனர். மெழுகு கலந்த பென்சில் ஆதலின் கோடுகள் தடித்து விழுந்தன. தாளில் மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள கோடு தரையில் 60 மீட்டர். அந்த 60 மீட்டருக்குள் வீடுகள் இருந்தன; தெருக்கள் இருந்தன. இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட நிலம் எவர்க்கும் உரியதன்று எனப்பட்டது. கோட்டின் அகலம் யாருக்கு உரியது என்னும் வழக்கோ ஆண்டுக்கணக்கில் நீண்டது.

தற்காலிகப் போர்நிறுத்தத்துக்கென வரைந்த அக்கோடே 1949 ஏப்ரல் 3ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கைக்கு அடிப்படையாயிற்று. அடுத்த 18 ஆண்டுகள் கம்பிவேலியும் சுவரும் நகரைப் பிளந்து நின்றன. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல மண்டல்பாம் வாயில் என்னும் ஒரே வழி. பெயர்தான் வாயில், உண்மையில் அது ஒரு சோதனைச் சாவடி. அயல்நாட்டுத் தூதர், சமயத் தலைவர், அயல்நாட்டு யாத்திரிகர் அதன் வழியே சென்றுவரலாம். நகரத்தார்க்கு அவ்வுரிமை இல்லை. புனித இடங்களுக்குச் சென்றுவர வழிசெய்வதாக உடன்படிக்கையின் எட்டாம் பிரிவு உறுதி கூறியும் அது நடைமுறைக்கு வரவில்லை. யூதர் மேற்கு மதிலை அணுக இயலவில்லை. இஸ்ரேலில் வாழ்ந்த முஸ்லிம்கள் அல்-அக்ஸாவை அணுக இயலவில்லை. பழைய நகரின் யூதக் குடியிருப்பு வெறுமையுற்றது. அதன் தொழுகைக்கூடங்கள் இடிந்தன. மேற்கே லிஃப்தாவும் ஐன் காரிமும் தம் அரபுக் குடிகளை இழந்தன.

இவ்வவலத்தினூடே சிறு நகையும் உண்டு. 1956இல் எல்லையை ஒட்டிய நோட்டர் டாம் மருத்துவ இல்லத்தின் சன்னலருகே ஒரு நோயாளி இருமினார்; அவருடைய பல்செட்டு எவர்க்கும் உரியதல்லாத நிலத்தில் விழுந்தது. இரு நாட்டு இசைவையும் பெற்று, வெள்ளைக்கொடி பிடித்த ஐ.நா. அலுவலர் முன்செல்ல, கன்னியர் அந்நிலத்தில் இறங்கித் தேடி அதனை மீட்டனர். ஒரு நகரையே ஆள்வதற்கென வகுக்கப்பட்ட பன்னாட்டு ஆட்சி, எருசலேம் மண்ணில் தன் அதிகாரத்தை முழுமையாகச் செலுத்திய தருணம் இதுவே போலும்.

தாளில் ஒரு நகரம்

நகர் பிளவுண்ட பின்னரும் திட்டம் கைவிடப்படவில்லை. பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1948 அக்டோபரிலும் 1949 ஏப்ரலிலும் விடுத்த சுற்றுமடல்களில் பன்னாட்டு ஆட்சியை வற்புறுத்தினார். 1949 டிசம்பர் 9ஆம் நாள் பொதுச்சபை 303ஆம் தீர்மானத்தால் தனியுடலை மீண்டும் உறுதிசெய்தது. ஆதரவு 38, எதிர்ப்பு 14, வாக்களியாதவை 7. முன்னர்ப் பிரிவினையை எதிர்த்த அரபு நாடுகளுட் பல இப்போது பன்னாட்டு ஆட்சியை ஆதரித்தன. முன்னர் ஒப்பிய இஸ்ரேல் இப்போது மறுத்தது. பழைய நகரைத் தன்பால் வைத்திருந்த யோர்தான் அப்போது ஐ.நா.வின் உறுப்பு நாடன்று, அதுவும் மறுத்தது. பிற எல்லாவற்றிலும் முரண்பட்ட இரு நாடுகள், மூன்றாமவர் வேண்டா என்பதில் மட்டும் உடன்பட்டன.

அதே மாதத்தில் இஸ்ரேல் தன் பாராளுமன்றத்தை எருசலேமுக்கு மாற்றியது. 1950 ஏப்ரல் 4ஆம் நாள் ஜெனீவாவில் கூடியிருந்த பொறுப்பாண்மைக் குழு நகரின் ஆட்சிச் சட்டத்தை முறையாக நிறைவேற்றியது. அதே ஏப்ரல் 24ஆம் நாள் யோர்தான், பழைய நகர் உள்ளிட்ட மேற்குக் கரையைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. எருசலேமுக்கு முழுமையான சட்டம் ஜெனீவாவில் இருந்தது. எருசலேமில் அச்சட்டம் இல்லை.

கதவு திறந்தவர்

அயலாரால் இயலாத நடுவுநிலை அந்நகருக்குப் புதியதன்று. திருக்கல்லறைக் கோயிலைக் கிரேக்கர், இலத்தீன் மரபினர், ஆர்மீனியர், காப்டியர், எத்தியோப்பியர், சிரியர் என ஆறு கிறித்தவப் பிரிவினர் பகிர்ந்துள்ளனர். யாருக்கு எந்தத் தூண், எந்த விளக்கு, எந்த நேரம் என்பதை உதுமானியப் பேரரசின் 1757, 1852ஆம் ஆண்டு ஆணைகள் இருந்தவாறே நிலைநிறுத்தின. ஒருவரையொருவர் நம்பாத இவ்வறுவரும் வாயிற்சாவியை விட்டுவைத்திருப்பது இரு முஸ்லிம் குடும்பங்களிடம். ஜூதா குடும்பத்தார் சாவியைக் காப்பர். நுசைபே குடும்பத்தார் கதவைத் திறப்பர். நூற்றாண்டுகளாக இம்முறை தொடர்கிறது. அவர்கள் வேற்றுச் சமயத்தார். ஆனால் வேற்றூரார் அல்லர். விடியலில் கதவு திறக்கத் தாமதமானால் ஊரார் கேட்கும் கேள்விக்கு அவர்களே விடை சொல்லவேண்டும். பாரம் தாங்கும் துலாக்கோல் என்பது இதுவே.

இதனை மிகைப்படப் புகழ்வதும் தகாது. 2008 நவம்பரில் அக்கோயிலினுள்ளே கிரேக்கத் துறவியரும் ஆர்மீனியத் துறவியரும் கைகலந்தனர். முகப்பு மேடையில் எவராலும் நிலையாக அகற்றப்படாத சிறு ஏணி ஒன்று, 18ஆம் நூற்றாண்டுச் சித்திரத்திலேயே காணப்படுவது, இன்றும் அங்கே நிற்கிறது. ஆயினும் நெடுங்காலம் பூசலிட்ட கிரேக்கர், இலத்தீனர், ஆர்மீனியர் என்னும் முத்திறத்தாரும் உடன்பட்டுக் கல்லறை மாடத்தைச் செப்பனிட்டு, 2017 மார்ச்சில் அதனைத் திறந்தனர் என்பதும் மறக்கத்தக்கதன்று.

கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் சொல்லவேண்டிய நிகழ்ச்சி மற்றொன்று உண்டு. கலீல் சகாகினி எருசலேமில் பிறந்த அரபுக் கிறித்தவர், ஆசிரியர், நாட்குறிப்பால் புகழ்பெற்ற எழுத்தாளர். 1917 நவம்பர் இறுதியில், பிரிட்டானியப் படை நகரை நெருங்கிய வேளையில், அமெரிக்கக் குடியுரிமை பெற்ற யூதரான ஆல்தெர் லெவின் என்பார் உதுமானிய ஆட்சியினர்க்கு அஞ்சி நள்ளிரவில் அவர் கதவைத் தட்டினார். லெவின் எபிரேயத்தில் பாடல் இயற்றியவர். சகாகினி தயங்கினார். அடைக்கலம் தருவது தமக்கும் குடும்பத்துக்கும் கேடு என்பதை உணர்ந்தார். உணர்ந்தே கதவைத் திறந்தார். சில நாளில் இருவரும் பிடிபட்டு டமாஸ்கஸ் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

இந்நிகழ்ச்சியால் சகாகினி அரசியலில் நடுநிலையாளர் ஆகிவிடவில்லை. சீயோனிய இயக்கத்தை இறுதிவரை எதிர்த்தவர் அவர். தமக்கென ஒரு தரப்பு உடையவரே கதவையும் திறந்தார் என்பதுதான் இதன் பெருமை. தரப்பே இல்லாதவர்க்கு அது எளிது. அவர் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1948 ஏப்ரல் 30ஆம் நாள், அதே சகாகினி கத்தமோன் பகுதியிலிருந்த தம் வீட்டையும் நூல்களையும் விட்டு வெளியேறினார். அவருடைய நூல்கள் மேற்கு எருசலேமின் தேசிய நூலகத்தைச் சேர்ந்தன. 1953இல் அவர் கெய்ரோவில் மறைந்தார். 1967க்குப் பின் அவர் மகள்கள் அந்நூலகத்துக்குச் சென்று, தந்தையின் கையெழுத்துள்ள நூல்களைக் கண்டனர். 1917இல் ஒரு தனிமனிதர் திறந்த கதவு 1948இல் ஊர் முழுமைக்கும் போதவில்லை. அண்டை வீட்டாரின் அறம் அரும்பெரும் பொருள். ஆனால் அதனைத் தாங்க ஓர் ஆட்சி இல்லாதபோது படைகளின் முன் அது நில்லாது. பன்னாட்டுத் திட்டத்தை வகுத்தவர்கள் இவ்வுண்மையின் ஒரு பாதியை நன்கறிந்திருந்தனர். மறுபாதியை, அதாவது ஆட்சியைத் தாங்க அண்டை வீட்டார் வேண்டும் என்பதை, அவர்கள் கருதவில்லை.

எஞ்சி நிற்பது

1967 ஜூன் 7ஆம் நாள் இஸ்ரேல் பழைய நகரைக் கைப்பற்றியது. அம்மாத இறுதியில் ஏறத்தாழ 70 சதுர கிலோமீட்டர் பரப்பின்மீது தன் சட்டத்தை நீட்டியது. வேலி அகன்றது, பிளவு அகலவில்லை. 1980 ஜூலையில் முழு எருசலேமும் தன் தலைநகர் என இஸ்ரேல் அடிப்படைச் சட்டம் இயற்றியபோது, பாதுகாப்புச் சபையின் 478ஆம் தீர்மானம் அதனைச் செல்லாது என்றது. 2017 டிசம்பரில் அமெரிக்கா அந்நகரை இஸ்ரேலின் தலைநகராக ஏற்றது. அதே மாதத்தில் பொதுச்சபையில் 128 நாடுகள் அம்முடிவுக்கு மாறாக வாக்களித்தன. 2024 ஜூலையில் பன்னாட்டு நீதிமன்றம், கிழக்கு எருசலேம் உள்ளிட்ட பகுதிகளில் இஸ்ரேல் தொடர்ந்து நிலைகொண்டிருப்பது சட்டத்துக்குப் புறம்பானது எனக் கருத்துரைத்தது.

தனியுடல் என்னும் திட்டத்தை நிறைவேற்ற இன்று எவரும் முனையவில்லை. ஆயினும் அது பயனின்றி மாய்ந்தது எனல் ஆகாது. இந்நகர் ஒருவர்க்கே உரியது என எவர் சொல்லினும், அவ்வாறன்று என உலகம் ஒருகால் எழுதிவைத்த சான்றாக அவ்வேடு இருக்கிறது. வெற்றியாளரின் வாசகத்துக்கு எதிரே வைக்கப்பட்ட ஒரு வாசகம் என்பதே அதன் எஞ்சிய மதிப்பு.

கவிஞர்களே, புனிதம் என்னும் சொல் நம் பாடல்களில் எளிதாக வந்து அமர்கிறது. ஒரு நகரைப் புனிதம் என்றவுடன் அதன் கற்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. அதில் உலைவைத்து உண்டு வாழும் மனிதர் மறைந்துவிடுகின்றனர். 1947ஆம் ஆண்டின் வரைவு நல்லெண்ணத்தோடு செய்த பிழை அதுவே. அப்பிழையைச் சட்டம் மட்டுமே செய்வதில்லை, கவிதையும் செய்யும். ஆகவே அந்நகரைப் பாட எண்ணுவோர் கோபுரத்திலிருந்து தொடங்காமல், நள்ளிரவில் தட்டப்பட்ட அக்கதவிலிருந்து தொடங்கலாம்.

ஒதுங்கி நிற்பதை நடுநிலை என்று எழுதும் வழக்கத்தையேனும் இவ்வட்டத்தின் ஏடுகள் விட்டுவிடுமாயின், பத்தாம் ஆண்டு விழாவுக்கு அதுவே தக்க நினைவாகும். நொதுமல் என்னும் பழஞ்சொல் நம்மிடம் உள்ளது. அதற்குரிய இடத்தில் அதனை ஆள்வோம். நடு என்பதை இருபுறத்துப் பாரத்தையும் தாங்குவோர்க்கென வைப்போம்.